மடத்து பீர்

சாமான் வாங்க வந்தவரிடம், “இதை வேறு யாருக்கும் விற்றுவிடாதீர்கள்” என்று சொல்லி அனுப்புகிற கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பெல்ஜியத்தின் மேற்கு மூலையில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. கடை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். அவர்கள் விற்கிற சாமான், பீர்!

மடத்தில் பீரா என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

நான் அங்கே போனது 2009 செப்டம்பரில். அந்த வருஷங்களில் வெஸ்ட்ஃப்ளேட்டரன் மடத்து பீர் பெட்டியாக வேண்டுமென்றால் முதலில் டெலிபோன் பண்ண வேண்டும். என்றைக்கு, எத்தனை மணிக்குப் போனை எடுப்போம் என்பதை மடம் முன்கூட்டியே சொல்லிவிடும். அந்த நேரத்தில் ஊரே அந்த நம்பரைச் சுழற்றும். எங்கேஜ்டு... எங்கேஜ்டு... எங்கேஜ்டு. அதிர்ஷ்டம் இருந்து லைன் கிடைத்தால் உங்கள் கார் நம்பரைச் சொல்ல வேண்டும். ஒரு நாளும் நேரமும் கொடுப்பார்கள். அந்தக் காரில், அந்த நேரத்தில் போய் நின்றால் மரப்பெட்டியில் 24 பாட்டில். அதன் பிறகு அதே கார் நம்பருக்கோ, போன் நம்பருக்கோ 60 நாளைக்குக் கிடையாது. நம் ஊர் ரேஷன் கடைக்காரர் கேள்விப்பட்டால் பொறாமைப்படுவார்.

அப்போது பாட்டிலில் லேபிள் இல்லை. மூடியின் நிறத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பச்சை மூடி என்றால் 5.8 சதவிகித ஆல்கஹால். நீல மூடி 8 சதவிகிதம். மஞ்சள் மூடி 10.2 சதவிகிதம். இந்த மஞ்சள் மூடிக்காரனுக்குப் பெயர் ‘12’. 2005-ல் ஓர் இணையதளத்தில் பீர் ரசிகர்கள் மதிப்பெண் போட்டு இதை உலகத்திலேயே சிறந்த பீர் என்று முதலிடத்தில் வைத்துவிட்டார்கள். மடத்து வாசலில் கார்கள் மைல்கணக்கில் நின்றன. சரக்கு தீர்ந்துபோனது.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? பக்கத்து வயலை வாங்கி இன்னொரு கொப்பரை வைத்திருப்போம். சாமியார்கள் அதைச் செய்யவில்லை. வருஷத்துக்குச் சுமார் 4,75,000 லிட்டர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதையேதான் அடுத்த வருஷமும் காய்ச்சினார்கள். பேட்டி கேட்டு வந்த பத்திரிகைக்காரர்களில் பெரும்பாலோரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

எனக்கு இந்தக் கதை எல்லாம் சொன்னது என் அக்கா மகன். பிரஸ்ஸல்ஸில் சாஃப்ட்வேர் வேலை. பத்து நாள் ஐரோப்பா சுற்றியதில் கடைசி மூன்று நாள் அவன் அறையில் தங்கினேன். சனிக்கிழமை காலையில், “மாமா, இன்னிக்கு ஒரு கிராமத்துக்குப் போவோம். உங்களுக்கு எழுதறதுக்கு ஒரு விஷயம் கிடைக்கும்” என்று எழுப்பினான்.

எனக்கு வேறு ஒரு விஷயம் தேவைப்பட்டது. ஊரிலிருந்து கிளம்பும்போது அக்கா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “தம்பி, அவன் குடிக்கிறானான்னு மட்டும் பார்த்துட்டு வந்து சொல்லு. எனக்காகப் பொய் சொல்லாதே.”

அவள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அத்தான் 1999-ல் இறந்தார். குடிதான். சோழவந்தான் பக்கத்தில் குத்தகைக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த மனுஷன். கையில் பசை உள்ளவர் என்பார்கள். அவர் கட்டிய கொடி பட்டுப்போகாது. முதலில் கட்டு வெற்றிலைப் பணம் போனது. பிறகு குத்தகை போனது. பிறகு அக்காவின் தோடு. கடைசியில் அவரே போய்விட்டார். அப்போது இவன் காலேஜில் முதல் வருஷம்.

அந்த அத்தானின் பிள்ளை, குடிக்கிறானா என்று பார்க்க வந்த மாமனை, தானே பீர் காய்ச்சும் இடத்துக்குக் கூட்டிப்போகிறான். இதில் நான் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்? ரயிலில் இரண்டு மணி நேரமும் இதே யோசனை.

கோர்ட்ரைக் தாண்டியதும் பூமி தட்டையாகிவிடுகிறது. உருளைக்கிழங்கு, பீட்ரூட், சோளம், நடுநடுவே செங்கல் வீடு. கடைசி ஸ்டேஷன் போப்பரிங்கே. அதற்கு அப்பால் தண்டவாளமே இல்லை. இறங்கி, ஆளுக்கொரு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். எதிர்க்காற்று. போதாக்குறைக்கு பன்றிப் பண்ணை வாசனை. ஐம்பதைத் தாண்டிய முழங்கால் என்னைப் பெயர் சொல்லித் திட்டியது.

ஒரு திருப்பத்தில் அவன் சைக்கிளை நிறுத்தினான். “மாமா, அங்க பாருங்க.”

சாலையோரத்தில் இருபது அடி உயரத்துக்குக் கம்பங்கள். கம்பத்துக்குக் கம்பம் மேலே கம்பி. கம்பியிலிருந்து தரை வரை கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் பச்சைப்பசேலென்று கொடி சுற்றி ஏறி, உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக, நடுவில் நிழல் சந்து. எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவன்தான் சொன்னான்: “கொடிக்கால்!”

ஹாப் கொடி. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது இதன் பூ. பெண் கொடியில்தான் அந்தப் பூ உண்டு. குட்டிக் கூம்பு மாதிரி, செதில் செதிலாக, இளம்பச்சையாக இருக்கிறது. கசக்கினால் உள்ளே மஞ்சள் தூள். கையில் பிசின் மாதிரி ஒட்டுகிறது. கஞ்சாச் செடிக்கு இது ஒன்றுவிட்ட தங்கச்சி என்கிறது தாவரவியல். பீர் சீக்கிரம் கெட்டுப்போகாமல் இருப்பதற்கும் இதுதான் காவல். போப்பரிங்கே ஊரே இந்தக் கொடியை நம்பிப் பிழைத்த ஊர். பழைய எடைபோடும் கட்டடத்தில் இதற்காக ஒரு மியூசியமே வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் செப்டம்பர் வந்தால் பூப்பறிக்கக் குடும்பம் குடும்பமாகக் கூலிக்கு வருவார்களாம். இப்போது கொடியோடு அறுத்துக்கொண்டுபோய் மெஷினில் கொடுக்கிறார்கள். அது பூவைத் தனியாக உருவித் தள்ளிவிடுகிறது.

டிராக்டரில் இருந்த விவசாயி எங்களைப் பார்த்துக் கையசைத்தார். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று இவன் ஜாடையில் கேட்டான். தலையாட்டினார். இவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வரப்பு ஓரமாகக் குனிந்தான். ஷூவைக் கழற்றினான். சாக்ஸையும் கழற்றினான்.

நம் பக்கத்தில் கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு யாரும் நுழைய மாட்டார்கள். வெற்றிலை கோபித்துக்கொள்ளும் என்பார்கள். இருபத்தெட்டு வயசு சாஃப்ட்வேர் இன்ஜினீயர், பெல்ஜியத்து மண்ணில் வெறுங்காலோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். டிராக்டர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பூவைப் பறித்து என்னிடம் நீட்டினார். வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

மடம் அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம். பெயர் புனித சிக்ஸ்துஸ் மடம். உயரமான செங்கல் சுவர், மூடிய கேட். துறவிகள் இருக்கும் பகுதிக்கும், காய்ச்சும் இடத்துக்கும் நம்மை விடுவதில்லை. எதிரே ‘இன் டெ ஃப்ரேடெ’ என்று மடத்துக்குச் சொந்தமான ஒரு கஃபே. ‘அமைதியில்’ என்று அர்த்தம். பக்கத்திலேயே மடத்தைப் பற்றிச் சொல்லும் ஒரு கண்காட்சி அறை. நம் எல்லை அவ்வளவுதான்.

இந்தத் துறவிகளை டிராப்பிஸ்ட்டுகள் என்கிறார்கள். பிரான்ஸில் உள்ள லா டிராப் என்ற மடத்திலிருந்து வந்த பெயர். தன் கையால் உழைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது இவர்கள் பின்பற்றும் புனித பெனடிக்ட்டின் விதி. உண்டியல் வசூலில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அதனால் ஒரு மடம் பாலாடைக்கட்டி செய்யும், ஒரு மடம் பீர் காய்ச்சும். விடியற்கால இருட்டில் தொடங்கி நாளைக்கு ஏழு தடவை பிரார்த்தனை. மணி அடித்தால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுப் போக வேண்டும்.

மடம் ஆரம்பித்தது 1831-ல். பீர் 1838-லிருந்து. காய்ச்சும் முறை ஒன்றும் மாயமில்லை. பார்லியை ஊறவைத்து முளைகட்டுகிறார்கள். நாம் கேழ்வரகை முளைகட்டுவதில்லையா, அதே சங்கதி. முளை விடும்போது தானியத்துக்குள் இருக்கும் மாவைச் சர்க்கரையாக்கும் சக்தி பிறக்கிறது. அந்த நேரம் பார்த்துக் காயவைத்து, உடைத்து, வெந்நீரில் ஊறப்போட்டால் இனிப்புத் தண்ணீர் கிடைக்கும். அதில் ஹாப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலை விடுகிறது. ஈஸ்ட்டை இன்னொரு டிராப்பிஸ்ட் மடமான வெஸ்ட்மாலெயிலிருந்து வாங்கி வருகிறார்கள். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது மாதிரி. பாட்டிலுக்குள் போன பிறகும் நொதித்தல் நிற்பதில்லை. கண்காட்சியில் நான் படித்த கணக்குப்படி மடத்தில் இருந்தவர்கள் இருபதுக்குச் சற்று மேல். அவர்களில் காய்ச்சுகிறவர்கள் ஐந்து பேர். பாட்டிலில் அடைக்கும் நாளில் இன்னும் ஐந்து பேர் கைகொடுப்பார்கள்.

முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் பெரும்பகுதி ஜெர்மானியர் கையில் இருந்தது. மற்ற மடங்களின் செம்புக் கொப்பரைகள் உருகித் தோட்டாவாகப் போயின. போர்முனைக்குப் பின்னால், நேச நாடுகள் வசம் இருந்த இந்த மூலையில் மட்டும் கொப்பரை தப்பித்தது. இரண்டாம் போர் முடிந்ததும் 1946-ல் மடத்துத் தலைவர் ஒரு முடிவெடுத்தார். வியாபாரம் பெருகினால் பிரார்த்தனை சுருங்கும். எனவே மடத்துக்கும், எதிரே உள்ள கஃபேக்கும், வாசலில் வந்து கேட்பவருக்கும் வேண்டியதை மட்டும் காய்ச்சுவோம். ஊருக்கெல்லாம் விற்கிற உரிமையைப் பக்கத்து வாட்டூ கிராமத்துப் பாலாடைக்கட்டிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். 1992 வரை அந்த ஒப்பந்தம் ஓடியது. அந்தக் கிராமத்துக் கம்பெனி இன்றைக்கும் செயின்ட் பெர்னார்டஸ் என்ற பெயரில் பீர் விற்கிறது. சரக்கும் கிட்டத்தட்ட அதே கைப்பக்குவம் என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். மடம் தன் அளவை விட்டு நகரவில்லை.

இதே பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸிலிருந்து அரை மணி ரயில் தூரத்தில் லூவன் என்று ஓர் ஊர். அங்கே தலைமையகம் வைத்திருந்த இன்பெவ் கம்பெனி, நான் போனதற்கு முந்தின வருஷம், 2008-ல், அமெரிக்காவின் பட்வைசர் கம்பெனியை 52 பில்லியன் டாலருக்கு விழுங்கி உலகத்தின் மிகப் பெரிய பீர் கம்பெனியானது. ஒரே குட்டி நாடு. ஒரே பார்லி, ஒரே ஹாப்.

‘போதும்’ என்று சொல்வது சாமியாருக்குச் சுலபம்தானே என்று எனக்குத் தோன்றியது. பிள்ளையா, குட்டியா? பெண்ணுக்குச் சீர் செய்ய வேண்டுமா? ஆனால், அந்த மடத்துக்கும் ஒரு கஷ்டம் வந்தது. நான் போய் வந்த பிறகு, கட்டடம் புதுப்பிக்கப் பணம் போதவில்லை. 2011-ல் பெல்ஜியத்திலும், 2012-ல் வெளிநாடுகளிலும் ஒருமுறை மட்டும் என்று சொல்லிப் பரிசுப் பெட்டிகளாகக் கடைகளில் விற்றார்கள். செலவுக்குப் பணம் சேர்ந்தது. மறுபடி பழைய அளவு. 2019-ல் அந்தப் பிரசித்தி பெற்ற டெலிபோனையும் விட்டுவிட்டு, இணையத்தில் பதிவு செய்யும் முறைக்கு வந்துவிட்டார்கள். கூரை ஒழுகினால் ஓவர்டைம் பார்ப்பதும், ஒழுகல் நின்றால் வீட்டுக்கு நேரத்தோடு வருவதும் நல்ல குடும்பஸ்தனின் லட்சணம். சாமியார்களுக்கும் அது வாய்த்திருக்கிறது.

கஃபேக்குள் நுழைந்தால் கல்யாணப் பந்தி மாதிரி கூட்டம். பாட்டிகள், சைக்கிள் தொப்பி போட்ட தாத்தாக்கள், ஊஞ்சலுக்கு அடம்பிடிக்கும் குழந்தைகள். ஒருவர் கையிலும் அவசரம் இல்லை. எங்கள் மேஜையில் ஏற்கெனவே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எதிரே பழுப்பு நிறத்தில் ‘12’. கோயில் தீர்த்தக் கிண்ணம் மாதிரி அகல வாய்க் கண்ணாடிக் கோப்பை.

நான் குடிப்பதில்லை. சோடாவும் மடத்துப் பாலாடைக்கட்டியும் சொன்னேன். என் கண் முழுக்க அக்கா மகன் மேல். அவன் என்ன கேட்கப்போகிறான்?

பச்சை மூடி கேட்டான். 5.8.

“ஏன்டா, இவ்வளவு தூரம் வந்துட்டு உலகத்துலயே பெஸ்ட்டுங்கிறதைக் குடிக்காம?”

“திரும்பிச் சைக்கிள் ஓட்டணுமே மாமா. இந்த ஊர்ல சைக்கிள்காரனையும் ஊதச் சொல்வாங்க.”

கோப்பையை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த விதத்தைக் கவனித்தேன். ஒரு மடக்கு குடித்தான். கீழே வைத்தான். பாலாடைக்கட்டியில் கடுகுச் சாந்தைத் தொட்டுச் சாப்பிட்டான். பெரியவரோடு அரைகுறை டச்சில் பேசினான். அத்தான் குடிக்கும்போது நான் பார்த்திருக்கிறேன். ஒயின் ஷாப் பின்பக்கம், நின்றபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கஷாயம் குடிப்பது மாதிரி ஒரே மூச்சு. முகம் கோணும். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்ப்பார். குடித்த சந்தோஷம் அந்த முகத்தில் நான் கண்டதே இல்லை.

பெரியவர் என் சோடாவைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தன் கோப்பையை முகர்ந்தாவது பார்க்கச் சொல்லி நகர்த்தினார். முகர்ந்தேன். பழுத்த அத்திப்பழம். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி. அதற்கும் கீழே, சத்தியமாகச் சொல்கிறேன், நம் பனங்கருப்பட்டி.

எல்லாம் சுகமாக இருக்கிறது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால், ஜன்னலோர மேஜையில் சிவந்த முகத்தோடு ஒருவர் நான்காவது மஞ்சள் மூடிக்குக் கை தூக்கினார். எதிரே அவர் மனைவி கார் சாவியை விரலில் கோத்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதற்கு மொழி வேண்டாம். மடத்தில் காய்ச்சினாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான்.

ஒரு கோப்பை முடிக்க அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது கேட்கவில்லை. அதன் பிறகும் ஒரு மணி நேரம் புல்வெளியில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தான்.

ஊருக்குள் திரும்பியதும், “மாமா, உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு. டீ குடிக்கலாம்” என்றான். டால்பட் ஹவுஸ். 1915 டிசம்பரில் ஃபிலிப் கிளேட்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பாதிரியார் திறந்த வீடு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஈப்பர் போர்முனை. லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து இரண்டு நாள் ஓய்வுக்கு வரும் சிப்பாய்க்குப் போப்பரிங்கேயில் கிடைத்ததெல்லாம் குடியும் மற்றதும்தான். குடி இல்லாத ஓர் இடம் இருக்கட்டும் என்று பாதிரியார் நினைத்தார். டீ, புத்தகம், பியானோ, பின்பக்கம் தோட்டம், மேல்மாடியில் பிரார்த்தனை அறை. அதிகாரியும் சிப்பாயும் ஒரே பெஞ்சு. பதவியை வெளியே விட்டுவிட்டு வா என்ற பொருளில் பாதிரியாரின் அறைக் கதவில் எழுதியிருந்தார்கள். இப்போது மியூசியம். வருகிறவர்களுக்கு இன்றைக்கும் டீ கொடுக்கிறார்கள்.

ஹாப் விளையும் ஊரில், நூறு வருஷம் முன்னால், குடிக்காதவனுக்காக ஒரு வீடு! தோட்டத்தில் டீயோடு உட்கார்ந்தோம்.

“அம்மா பார்த்துட்டு வரச் சொல்லியிருக்கும்னு தெரியும் மாமா” என்றான்.

நான் டீயைக் கலக்கினேன். அதில் சர்க்கரையே போட்டிருக்கவில்லை.

“ரூம்ல வெச்சு நீங்க கேட்டிருந்தா ‘இல்லை’ன்னு சொல்லியிருப்பேன். அப்பா அப்படித்தான் சொல்வாரு. வாசனை வரும், ‘இல்லை’ம்பாரு. அதான் கூட்டிட்டு வந்தேன். பார்த்துட்டுப் போகட்டும்னு.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா. வீட்ல வாங்கி வெச்சுக்கறதில்லை. தனியா குடிக்கறதில்லை. வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல எல்லாரும் போனா ஒண்ணு.”

“உங்கப்பாவும் ஒண்ணுலதான்டா ஆரம்பிச்சார்.”

சொல்லியிருக்க வேண்டாமோ என்று நான் யோசிப்பதற்குள் அவன் தலையாட்டினான். “தெரியும் மாமா. பத்து வயசுல அம்மா என்னைத்தான் தேடிட்டு வர அனுப்பும். கடை வாசல்ல உக்காந்துட்டு எண்ணுவேன். மூணு வரைக்கும் என் அப்பா. என்னைத் தோள்ல தூக்கிக்குவாரு, பரோட்டா வாங்கித் தருவாரு. நாலுக்கு மேல வேற ஆளு. மூணுல கூட்டிட்டுப் போயிடணும்னு கையைப் பிடிச்சு இழுப்பேன். ஒருநாளும் முடிஞ்சதில்லை.”

தோட்டத்தில் யாரோ பியானோ வாசிப்பது உள்ளேயிருந்து கேட்டது. தப்புத் தப்பாக வாசித்தார்கள்.

“இப்பவும் எண்ணறேன். ஒண்ணு ரெண்டான நாள் உண்டு. ஒரே ஒரு நாள் மூணு ஆச்சு. மறுநாள் காலையில எழுந்து கையை நீட்டிப் பார்த்தேன், நடுங்குதான்னு. நடுங்கலை. ஆனா, அன்னிக்குப் பூரா பயமா இருந்துது. இதையும் அம்மாகிட்ட சொல்லிடுங்க மாமா.”

“நீயே சொல்லேன்டா.”

“என்கிட்ட கேட்டா அழும். உங்ககிட்ட கேட்டா யோசிக்கும்.”

திரும்பி வரும் ரயிலில் அவன் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டான். நான் மடத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் துறவிகளின் ‘போதும்’ ஒரு ஆளின் மன உறுதியில் மட்டும் நிற்பதல்ல. மணி அடிக்கிறது. விதி இருக்கிறது. பக்கத்தில் கூட இருபது பேர் இருக்கிறார்கள். எவனாவது ஒருவன் தடுமாறினாலும் மற்றவன் கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவான். இவனுக்கு எந்த மணி அடிக்கும்? அந்நிய ஊர், வாடகை அறை. அவனைத் தவிர எண்ணுவதற்கு ஆள் இல்லை. அதனால்தான் எண்ணிக்கையில் எங்களையும் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று பட்டது. அவன் தேறிவிடுவானா என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயப்படுகிறவன் என்பது மட்டும் தெரிந்தது. அத்தான் கடைசிவரை பயப்பட்டதே இல்லை.

ஊருக்கு வந்த மறுநாளே சோழவந்தான் பஸ் ஏறினேன். அக்கா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சாக்லேட் டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு என் வாயைப் பார்த்தாள். பச்சை மூடி, முக்கால் மணி நேரம், வெள்ளிக்கிழமை, மூன்று ஆன அந்த ஒரு நாள், எல்லாம் சொன்னேன். ஒளிக்கவில்லை.

கீரையை உருவுவது நின்றது.

“ஒண்ணுதானா? எண்ணினியா?”

“எண்ணினேன்க்கா.”

“கடை வாசல்ல உக்காந்து எண்ணினதை உன்கிட்ட சொன்னானா?”

“சொன்னான்.”

“என்கிட்ட இதுநாள் வரைக்கும் சொன்னதில்லை.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். நானே கேக்கறேன். அழ மாட்டேன். வாராவாரம் கேப்பேன்னு சொல்லிடறேன்.”

அப்போதுதான் கைக்குட்டை ஞாபகம் வந்தது. அவிழ்த்தேன். பூ காய்ந்து பழுப்பாகியிருந்தது. அந்த ஊர்க் கொடிக்கால் பூ என்று சொல்லிக் கொடுத்தேன். கம்பம் கம்பமாக இருபது அடி உயரம் என்றேன். உன் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனான் என்றேன். அவள் அதை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். முகர்ந்தாள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“என்னா கசப்பு! அகத்திலயா ஏத்தறாங்க?”

“இல்லக்கா, கயித்துல.”

“எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணி கட்டணும்?”

“தண்ணியெல்லாம் கட்டறதில்லை. மழைதான்.”

அக்கா கசங்கிய பூவைக் கீழே போடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடுத்து வெச்ச கொடி” என்றாள்.